முடி துறந்த பவநகர் மகாராஜா

பிறப்பினால் வரும் பெருமை ஒன்று. செய்கையினால் வரும் பெருமை மற்றொன்று. முன்னது முன்னோர் வைத்துப்போன முதல். பின்னது ஒவ்வொருவரும் தாமே ஈட்டிக்கொள்ள வேண்டிய பொருள். முன்னோர் வைத்த முதல் எத்துணைப் பெரிதாயினும், காலம் மாறுங்கால் அது கைவிட்டுப் போதல் கூடும். அவ்வாறு போகும்போது அதனை இறுகப் பற்றி நின்று இழந்தாரும் உளர். தாமே முன்வந்து கொடுத்துப் பின்னும் பெருமை குன்றாது வாழ்ந்தாரும் உளர். இவ்விரு திறத்தாரையும் ஒருங்கே காண்டற்கு, 1947 ஆம் ஆண்டையொட்டிய நமது தேச சரித்திரத்தைப் போன்ற கண்ணாடி பிறிதொன்றில்லை. அக்கண்ணாடியில் நாம் இங்குக் காணப் புகுவது, கத்தியவாரிலே பவநகரை ஆண்டு, தம் அரசைக் குடிகளிடம் ஒப்புவித்து, அதன்பின் நமது சென்னை மாகாணத்துக்கே கவர்னராக வந்தமர்ந்த மகாராஜா கிருஷ்ணகுமார் சிங்ஜி அவர்களின் சரித்திரமாகும்.

மேல்கடலினுள் நீண்டு கிடக்கும் கத்தியவார் நாடு, பரப்பிற் பெரியதன்று. சுமார் 22,000 சதுர மைலும், சுமார் நாற்பது லட்சம் மக்களும் உடையது. ஆயினும் அந்நாட்டில் ஆங்கிலேயர் காலத்தில் இருந்த சமஸ்தானங்களின் தொகை 222. இவற்றுட் பீரங்கி மரியாதை பெற்றவை பதினான்கு. மற்றவை மிகச் சிறியன. ஒரு சிற்றூரும் அதனைச் சூழ்ந்த சில வயல்களுமே சிலருக்கு இராஜ்யமாக இருந்தன. ஒரு நாளிற் பல இராஜ்யங்களைக் கடந்து செல்லலாம். ஒவ்வோர் எல்லையிலும் சுங்கச் சாவடியும், ஒவ்வொரு சாவடியிலும் வேறு வேறு சட்டமும் இருக்கும். இத்தகைய நாட்டில் முதன்மை பெற்ற சமஸ்தானங்களுள் ஒன்று பவநகர். அதன் பரப்பு ஏறத்தாழ 3,000 சதுர மைல். 1941 ஆம் ஆண்டின் கணக்குப்படி குடிகள் சுமார் 6 லட்சம். அதன் அரசர்க்குரிய பீரங்கி மரியாதை பதின்மூன்று வேட்டு.

பவநகர் அரசர் கோஹில் என்னும் இராஜபுத்திரக் குலத்தினர். அவர்தம் முன்னோராகிய சேஜக்ஜி என்பார் 13 ஆம் நூற்றாண்டில் மார்வாரினின்றும் கத்தியவாரிற் குடிபுகுந்தார் என்பது அக்குலத்தின் வரலாறு. நெடுங்காலம் சிஹோர் என்னும் ஊரே தலைநகராக இருந்தது. 1723 ஆம் ஆண்டில் பவசிங்ஜி என்னும் அரசர் காம்பே விரிகுடாவின் கரையில் ஒரு புதிய நகரை அமைத்து, அதற்குத் தம் பெயரையே இட்டார். வாளினால் வருவதை வணிகத்தினாலும் ஈட்டலாமென்று கண்டவர் அவர். கடல் வாணிகம் பெருகப் பெருக, பவநகரின் பொக்கிஷமும் பெருகிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட தக்தசிங்ஜி மகாராஜா, அப்பொக்கிஷத்தை அரண்மனைக்கு மட்டும் உரியதாக வைத்துக்கொள்ளவில்லை. 1880 ஆம் ஆண்டிற் பவநகருக்கு இரயில் வந்தது. 1885 ஆம் ஆண்டில் சாமளதாஸ் கலாசாலை நிறுவப்பெற்றது. 1888 ஆம் ஆண்டில் அக்கலாசாலையிற் சேர்ந்து, ஒரு பருவம் மட்டும் பயின்று, பாடம் விளங்காமல் வீடு திரும்பிய மாணாக்கர் ஒருவர் உண்டு. அவரே பின்னாளில் மகாத்மாவென்று உலகம் போற்றிய மோகனதாஸ் கரம்சந்த் காந்தி. அவருக்கும் பவநகர் அரண்மனைக்கும் பின்னர் நேர்ந்த தொடர்பை இனி வருவன காட்டும்.

தக்தசிங்ஜியின் மைந்தர் இரண்டாம் பவசிங்ஜி. அவருடைய மூத்த புதல்வராக 1912 ஆம் ஆண்டு மே மாதம் 19 ஆம் நாள் கிருஷ்ணகுமார் சிங்ஜி பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். 1919 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தந்தையும் காலஞ்சென்றார். ஏழு வயதுப் பாலகரின் தலையில் முடி ஏறியது. பெற்றோரை இழந்த பிள்ளைக்கு அரசாட்சி ஒரு விளையாட்டுப் பொருளாகாது. அது பிறர் கைப்பொருளாகி விடுதலே உலகில் நாம் பலகாலுங் காண்பது. பாலகர் பட்டமேற்ற சமஸ்தானங்களில் உறவினரும் உத்தியோகஸ்தரும் சூழ்ந்து பொக்கிஷத்தைச் சூறையாடிய கதைகள் மிகப்பல. பவநகர் அக்கதிக்கு ஆளாகாமற் காத்தவர் திவான் பிரபாசங்கர் பட்டணி என்னும் பெருந்தகையார்.

பட்டணி 1862 ஆம் ஆண்டில் மோர்வியிற் பிறந்தவர். தம் அறிவினாலும் நாணயத்தினாலும் மேல் வந்து, 1919 முதல் 1931 வரை இளவரசருக்காகப் பவநகரை நிருவகித்தவர். ஆங்கில அரசாங்கத்தாரிடம் சர் பட்டம் பெற்றவர். ஆயினும் காந்தியடிகளிடத்துப் பெருநட்புப் பூண்டவர். இவ்விரண்டு முனைகளையும் ஒருவர் ஒரு கையிற் பிடித்து நிற்றல் அக்காலத்தில் எளிதன்று. 1925 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திற் கத்தியவார் அரசியல் மகாநாடு பவநகரிற் கூடியது. காந்தியடிகளே அதற்குத் தலைமை வகித்தார். மற்ற சமஸ்தானங்கள் அஞ்சி விலக்கிய மகாநாட்டுக்குப் பவநகர் இடங்கொடுத்தது. அங்கே பட்டணி, தாம் நாள்தோறும் உண்பதற்கு முன் சிறிது நேரம் இராட்டையில் நூல் நூற்பதாக விரதம் பூண்டார். சர் பட்டம் பெற்ற திவான் கதர் நூல் நூற்பதைப் பன்னிரண்டு வயதுடைய இளவரசர் தம் கண்ணாற் காணும்படி வளர்ந்தார். குழந்தைகளுக்கு நாம் சொல்லுவது பெரும்பாலும் நிலைப்பதில்லை. நாம் செய்வதே நிலைக்கும். பின்னாளில் அவர் செய்த தியாகத்தின் வித்து இங்கே விழுந்ததென்று நாம் கருதுகின்றோம்.

இளவரசர் இராஜகோட்டையிலுள்ள இராஜகுமாரர் கலாசாலையிலும், பின்னர் இங்கிலாந்திலுள்ள ஹாரோ பள்ளியிலும் பயின்றார். 1931 ஆம் ஆண்டில் அரசின் முழு அதிகாரத்தையும் ஏற்றார். அவ்வாண்டிலேயே கோண்டல் அரச குடும்பத்துப் பெண்ணாகிய விஜயா குன்வர்பாவை மணந்தார். அரசர்க்குரிய பொழுதுபோக்குகள் இவருக்கும் இருந்தன. அவற்றை மறைத்துரைத்தல் சரித்திரமாகாது. வேளாவதர் என்னும் புல்வெளியில், பழக்கிய சிவிங்கிப் புலிகளை விட்டு வெளிமான்களை வேட்டையாடுதல் பவநகர் அரசர் பரம்பரையில் நெடுநாள் வழக்கம். அதே புல்வெளி இவ்வரசரால் அழியாமற் காக்கப்பட்டமையின், 1976 ஆம் ஆண்டில் அது தேசிய வனவிலங்குப் பூங்காவாக அமைந்தது. இவருடைய இளவல் தர்மகுமார் சிங்ஜி பறவைகளை ஆராய்வதில் பெயர் பெற்றவர். சௌராஷ்டிரத்துப் பறவைகளைப் பற்றி 1955 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் இன்றும் மதிக்கப்பெறுவது.

ஆட்சியில் மகாராஜா தம் முன்னோர் வகுத்த வழியே சென்றார். வரி தண்டும் முறையைத் திருத்தினார். கிராமப் பஞ்சாயத்துக்களை ஏற்படுத்தினார். தாராசபையென்னும் சட்டசபையையும் அமைத்தார். 1938 ஆம் ஆண்டில் ஆங்கில அரசாங்கத்தார் இவருக்கு உயர்ந்த பட்டம் வழங்கினர். அவ்வாண்டிலேயே, தந்தையினுஞ் சிறந்த திவான் பட்டணி உலக வாழ்வை நீத்தார்.

நிற்க. நல்லரசர் ஆண்ட நாட்டிலும், குடிகளின் உரிமை அரசரின் நல்லெண்ணத்தையே நம்பி நிற்குமாயின் அது நிலையுள்ள உரிமையாகாது. இவ்வுண்மை பவநகரிற் குருதியால் எழுதப்பட்டது. 1939 ஆம் ஆண்டு மே மாதம் 14 ஆம் நாள், பவநகர்ப் பிரஜா பரிஷத்தின் மகாநாட்டுக்குத் தலைமை வகிக்கச் சர்தார் வல்லபாய் பட்டேல் வந்தார். அவரை வரவேற்ற ஊர்வலத்தின்மீது ஆயுதங்கொண்டு தாக்குதல் நிகழ்ந்தது. சர்தாருக்குத் தீங்கு நேராமற் காத்து நின்ற தொண்டர்களுள் இருவர் உயிர் துறந்தனர். அரசர் இதனைச் செய்வித்தாரல்லர். ஆயினும் அவருடைய தலைநகரின் வீதியில் இது நிகழ்ந்தது. பொறுப்பாட்சி என்னும் சொல்லுக்காகப் பவநகரில் முதலிற் கொடுத்தவர் மகாராஜாவல்லர், அவ்விரு தொண்டர்களே. தியாகத்தைப் போற்றும்பொழுது இம்முறையை நாம் மறத்தலாகாது.

1947 ஆம் ஆண்டு வந்தது. ஆங்கிலேயர் இந்தியாவை விட்டு நீங்குவதென்று முடிவாயிற்று. அவர்கள் நேரே ஆண்ட மாகாணங்களின் கதி ஒருவாறு தெளிவாயிருந்தது. ஐந்நூற்றறுபதுக்கு மேற்பட்ட சமஸ்தானங்களின் கதியே மயக்கத்துக்கு இடமாயிற்று. அரசர்கள் ஆங்கில முடியோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளெல்லாம் அவ்வாண்டு ஆகஸ்டு 15 ஆம் நாளோடு அற்றுப்போமென்று சட்டம் கூறிற்று. மேலதிகாரம் நீங்கியவுடன் தாம் தனியரசராவோமென்று சிலர் எண்ணினர். தங்களைக் காத்துவந்த கை நீங்கிற்றென்று சிலர் நடுங்கினர். நூற்றாண்டுக்கு மேலாக அந்நியர் நிழலில் நின்ற அரசுகளுக்குத் தம் குடிகளிடத்து வேர் எவ்வளவு ஆழ்ந்திருக்கின்றதென்று அன்றே தெரியவேண்டியதாயிற்று. இராணுவம், அயல்நாட்டு விவகாரம், போக்குவரவு ஆகிய மூன்றை மட்டும் இந்திய யூனியனுக்கு விட்டுக்கொடுக்குமாறு சர்தார் பட்டேலும் அவர்தம் காரியதரிசி வி. பி. மேனனும் அரசர்களை வேண்டினர். பெரும்பாலோர் ஆகஸ்டு 15 ஆம் நாளுக்குள் கையொப்பமிட்டனர்.

இடாதவர் நேர்ந்ததைச் சுருங்கக் கூறுவோம். நமக்கு அண்மையிலுள்ள திருவாங்கூர், தனி நாடாக விளங்கப்போவதாக அறிவித்தது. ஜூலை மாத இறுதியில் அதன் திவான் கொலைத் தாக்குதலிற் காயமுற்றபின், அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. பவநகர் அமைந்த அதே கத்தியவாரில், ஜூனாகட் நவாப் பாகிஸ்தானோடு இணைவதாக அறிவித்தார். குடிகள் உடன்படவில்லை. அக்டோபர் மாதத்தில் நவாப் தம் குடும்பத்தோடு கராச்சிக்குப் பறந்தார். நவம்பர் 9 ஆம் நாள் இந்திய அரசாங்கம் ஆட்சியை ஏற்றது. 1948 பிப்ரவரியில் எடுத்த வாக்கெடுப்பில் பாகிஸ்தானுக்கு நூறு வாக்குக்கூடக் கிடைக்கவில்லை. நவாப் தாம் பிறந்த மண்ணை மீளக் காணாமலே 1959 ஆம் ஆண்டிற் கராச்சியில் மாண்டார். அரசர் ஓடிப்போன அரண்மனையும், அரசர் தாமே வாயிலைத் திறந்துவிட்ட அரண்மனையும் ஒரே தீபகற்பத்தில் இருந்தன.

பவநகர் மகாராஜா இணைப்புப் பத்திரத்தோடு அமையவில்லை. மூன்று துறைகளை மட்டும் விட்டுக்கொடுத்தால் எஞ்சிய அதிகாரமெல்லாம் அரண்மனையிலேயே தங்குமன்றோ? அதனையும் குடிகளிடம் ஒப்புவிக்க அவர் துணிந்தார். இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. தக்கணத்து ஔந்த் என்னும் சிறு சமஸ்தானம் 1939 ஆம் ஆண்டிலேயே மகாத்மாவின் அறிவுரைப்படி குடிகளிடம் ஆட்சியை விட்டது. ஆயினும் கத்தியவாரின் பெரிய அரசர்களுள் முன்வந்து வழிகாட்டியவர் இவரே. 1947 ஆம் ஆண்டின் இறுதியில் இவர் தில்லிக்குச் சென்று காந்தியடிகளைக் கண்டார். சமஸ்தானத்தைத் தாங்கள் சொல்லும் வண்ணம் செய்யச் சித்தமாயிருப்பதாகத் தெரிவித்தார். அப்பொழுது அடிகள், மகாராணியாரும் இளவலும் இதற்கு இசைந்தனரோ என்று வினவியதாகக் குஜராத்தில் ஒரு வரலாறு வழங்குகின்றது. அவ்வினாவின் பொருளாழத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். குடும்பத்தலைவர் ஒருவர் கொடுக்கும் கொடை அவருக்கு மட்டும் உரியதன்று. அதன் சுமையை மனைவியும் மக்களும் உடன்பிறந்தாரும் சுமப்பர். அவர் மனம் ஒவ்வாது செய்யும் தியாகம் பின்னாளில் இல்லத்தில் தீராப் பகையாக முடியும்.

1948 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15 ஆம் நாள் பவநகரில் பொறுப்பாட்சி தொடங்கிற்று. அதே நாட்களில் காந்தியடிகள் தில்லியில் சமய ஒற்றுமை வேண்டி உண்ணாநோன்பிருந்தார். அவ்வளவு நெருக்கடியிலும் சர்தார் பட்டேல் பவநகருக்கு வந்து, புதிய ஆட்சியைத் தொடங்கி வைத்தார். ஒன்பதாண்டுகளுக்கு முன் எந்த நகரத்து வீதியில் அவர் உயிருக்கே இடர் வந்ததோ, அந்நகரத்தில் அன்று அரசரே அவரை வரவேற்றார். பிரஜா பரிஷத்தின் தலைவர் பல்வந்தராய் மேத்தா பிரதம மந்திரியானார். முப்பத்தைந்து வயதே நிரம்பிய மகாராஜா, பதினேழாண்டு முழு அதிகாரத்தோடு ஆண்டபின், பெயரளவில் அரசராக இருக்க இசைந்தார்.

அப்பெயரளவும் நெடுநாள் நிற்கவில்லை. பவநகரைப் பார்த்து மற்ற அரசர்களும் இணங்கினர். அம்மாத இறுதிக்குள் கத்தியவார் அரசர்கள் தம் சமஸ்தானங்களை ஒன்றாக்கும் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். பிப்ரவரி 15 ஆம் நாள் ஜாம்நகரில் ஐக்கிய ராஜ்யம் தொடங்கப்பெற்றது. அதுவே பின்னர்ச் சௌராஷ்டிரம் எனப் பெயர் பெற்றது. நவாநகர் ஜாம்சாகேப் அதற்கு இராஜப்பிரமுகரானார், உ. ந. தேபர் முதல் பிரதம மந்திரியானார். இருநூற்றிருபதுக்கு மேற்பட்ட எல்லைகளும் சுங்கச் சாவடிகளும் மறைந்தன. இவற்றையெல்லாம் விரும்பிய காந்தியடிகள் அவ்விழாவைக் காண உயிரோடில்லை. ஜனவரி 30 ஆம் நாள் கொலையுண்டு உலகை நீத்துவிட்டார்.

இவ்விடத்து ஒரு வினா எழும். எப்படியும் போகவிருந்த அரசைக் கொடுத்தது தியாகமாகுமோ? வெள்ளம் வருவதைக் கண்டவன் தன் வீட்டை விட்டு வெளியேறுதல் வண்மையாகுமோ? பவநகர் பொறுப்பாட்சி பெற்ற ஒரு திங்களிலேயே பவநகர் என்னும் தனி ராஜ்யமே இல்லாமற் போயிற்றே. இவ்வினாவை நாம் புறக்கணித்தற்கில்லை. காலத்தின் கட்டாயம் மகாராஜாவின் முன்னும் நின்றது உண்மை. எனினும் அதே கட்டாயம் ஜூனாகட் நவாபின் முன்னும் நின்றது. ஐதராபாத் நிஜாமின் முன்னும் நின்றது. அவர்கள் அதனைக் கண்டும் காணாதார் போன்றிருந்தனர். இடையிற் குடிகள் உயிரும் பொருளும் இழந்தனர். இழப்பு எல்லோர்க்கும் பொது; எவ்வாறு இழந்தார் என்பதே அவரவரைப் பிரித்துக் காட்டுவது. வருவதை உணர்ந்து, குடிகளின் குருதி சிந்தாமல், பகைத்து நின்ற தலைவரையே அழைத்து அவர் முன்னிலையில் கொடுத்தலை நாம் வண்மையென்றே கூறுவோம்.

இனி நம் நாட்டோடு அவர் கொண்ட தொடர்பைக் கூறுவோம். சென்னையின் கடைசி ஆங்கிலக் கவர்னராகிய சர் ஆர்ச்சிபால்டு நை நீங்கியபின், 1948 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 7 ஆம் நாள் பவநகர் மகாராஜா சென்னைக் கவர்னராகப் பதவியேற்றார். இந்தியர் சிலர் முன்னர்த் தற்காலிகமாக அப்பதவியை வகித்ததுண்டு. நிலையான கவர்னராக வந்த முதல் இந்தியர் இவரே. கவர்னருக்குரிய சம்பளத்தைப் பெறாமல், அடையாளமாக ஒரு ரூபாய் மட்டும் பெற்றுக்கொண்டாரென்பது யாவரும் அறிந்தது. சொந்த நாட்டில் அரசராயிருந்தவர், மொழியும் வழக்கமும் வேறாகிய நாட்டில் அரசாங்கத்தின் ஊழியராக வந்து, மந்திரிகளின் ஆலோசனைப்படி நடக்கும் பதவியை ஏற்றார். அப்பொழுது பிரதம மந்திரியாக இருந்தவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். 1949 ஏப்ரலில் அவருக்குப் பின் வந்தவர் பூ. ச. குமாரசாமி ராஜா. இருவரும் குடிமக்களிடை எழுந்தவர்கள். அவர்கள் வரையும் கட்டளைக்குக் கீழ் முன்னாள் மகாராஜா கையொப்பமிட்டார்.

அவர் பதவியேற்ற ஆறாம் நாள், செப்டம்பர் 13 ஆம் தேதி, இந்தியப் படை ஐதராபாத்துக்குள் நுழைந்தது. அப்படையின் ஒரு பிரிவு அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பெஜவாடா வழியாகவே சென்றது. 17 ஆம் தேதி நிஜாமின் படை பணிந்தது. இந்தியாவின் மிகப் பெரிய சமஸ்தானம் ஐந்து நாளிற் பணிந்த செய்தி, தம் சமஸ்தானத்தைத் தாமே கொடுத்தவர் வீற்றிருந்த மாளிகைக்கு வந்து சேர்ந்தது. அன்று அவர் உள்ளத்தில் எழுந்தது யாதென்று நாம் உரைக்கப் புகவில்லை. அந்நிகழ்ச்சிப் பொருத்தத்தை மட்டும் சுட்டி அமைவோம்.

நம் பக்கத்துச் சமஸ்தானங்களும் அக்காலத்திலேயே மறைந்தன. பங்கனப்பள்ளியும் புதுக்கோட்டையும் 1948 ஆம் ஆண்டின் முற்பகுதியிற் சென்னை மாகாணத்தோடு இணைந்திருந்தன. தொண்டைமான் பரம்பரையின் புதுக்கோட்டை அவ்வாண்டு மார்ச்சு 3 ஆம் நாள் இணைந்தது. எஞ்சிய சண்டூர், பவநகர் மகாராஜா கவர்னராயிருக்கையில், 1949 ஏப்ரல் 1 ஆம் நாள் இணைந்தது. அதனினும் பெரிய மாறுதல் ஒன்றுண்டு. 1948 ஆம் ஆண்டின் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் அவர் காலத்திலேயே நடைமுறைக்கு வந்தது. 1802 ஆம் ஆண்டின் நிரந்தர ஒழுங்குச் சட்டத்தின்கீழ் நின்ற ஜமீன்கள் இரயத்துவாரியாயின. சேதுபதிகளின் இராமநாதபுரமும், சிவகங்கையும், தெலுங்கு நாட்டுப் பெரிய ஜமீன்களும் 1949 ஆம் ஆண்டு முதல் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. தலைமுறை தலைமுறையாக ஓரூருக்கு நிழலாக இருந்த மாளிகைகள் பல இருண்டன. வாரம் அளந்த உழவனின் இல்லத்தில் விளக்கேறிற்று. இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தல் நடுநிலையாகாது. தங்கள் முறையீட்டைக் கேட்கும் கவர்னர் தாமே ஒரு பேரரசை விட்டு வந்தவர் என்பதை அந்த ஜமீன்தார்கள் அறிவர். அவரிடம் சென்று உரிமை போயிற்றென்று உரத்துச் சொல்ல யாருக்கு நா எழும்?

1950 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 26 ஆம் நாள் இந்தியா குடியரசாயிற்று. அக்குடியரசின் சென்னை இராஜ்யத்துக்கு முதற் கவர்னராக நின்றவரும் இவரே. முதற் பொதுத் தேர்தல் நடந்தபின், 1952 மார்ச்சு 12 ஆம் நாள் ஸ்ரீபிரகாசாவிடம் பொறுப்பை ஒப்புவித்து விடைபெற்றார். கிண்டிக் காட்டில் வெண்ணிற வெளிமான்களை அவர் கொணர்ந்து விட்டாரென்பது சென்னையார் இன்றும் நினைவுகூரும் செய்தி. வேளாவதரில் வேட்டைப் பொருளாயிருந்த விலங்கு, கிண்டியிற் பலருங் கண்டு மகிழும் செல்வமாயிற்று.

அவர் பவநகருக்குத் திரும்பினார். அங்கே சௌராஷ்டிரத்தில் அவ்வாண்டுகள் அமைதியாகக் கழிந்தனவல்ல. அரசர்களின் கீழ் நிலமாண்ட கிராஸ்தார்களின் உரிமையை 1951 ஆம் ஆண்டின் நிலச்சட்டம் ஒழித்தது. அவர்களுட் சிலர் மனங்கொதித்துப் பூபத் என்னும் கொள்ளைக்காரனுக்கு இடங்கொடுத்தனரென்று குற்றஞ் சாட்டப்பட்டனர். அவன் பல உயிர்களைக் கொன்று, 1952 ஆம் ஆண்டிற் பாகிஸ்தானுக்கு ஓடினான். சிறிய உரிமையை இழந்தவர் சிலர் ஊருக்குத் தீ மூட்டினர். பெரிய அரசை இழந்தவர் தம் ஊரிற் குடியோடு குடியாக அமைந்தார். 1965 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 2 ஆம் நாள், ஐம்பத்து மூன்று வயது நிரம்புமுன்னரே, கிருஷ்ணகுமார் சிங்ஜி மகாராஜா உலக வாழ்வை நீத்தார். அவரிடம் ஆட்சியைப் பெற்ற பல்வந்தராய் மேத்தா பின்னர்க் குஜராத்தின் முதன் மந்திரியாகி, அவ்வாண்டு செப்டம்பரில் நிகழ்ந்த போரில், அவர் சென்ற விமானம் பகைவராற் சுட்டு வீழ்த்தப்பட்டு மாண்டார். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே ஆண்டில் மறைந்தனர்.

அவர் கொடுத்தவற்றுள் எது நின்றது? சௌராஷ்டிரம் 1956 ஆம் ஆண்டிற் பம்பாயோடு சேர்ந்தது. 1960 ஆம் ஆண்டிற் குஜராத்தின் பகுதியாயிற்று. அரசர்கள் அதிகாரத்தை விடுதற்கு ஈடாக அரசியற் சட்டத்திலேயே உறுதி கூறப்பட்ட மானியமும் நிலைக்கவில்லை. 1970 ஆம் ஆண்டிற் குடியரசுத் தலைவரின் கட்டளையால் அரசர்களின் அங்கீகாரம் நீக்கப்பட்டது; உச்ச நீதிமன்றம் அக்கட்டளை செல்லாதென்றது. ஆயினும் 1971 டிசம்பரில் நிறைவேறிய இருபத்தாறாம் திருத்தத்தால் பட்டமும் மானியமும் முற்றும் ஒழிந்தன. கொடுத்த வாக்கைத் தேசம் காத்திருக்கவேண்டுமென்பாரும் உளர். குடியரசில் பிறப்புரிமைக்கு இடமேதென்பாரும் உளர். சர்தார் பட்டேலோ மகாராஜாவோ அதனைக் காண இருந்திலர். அரண்மனை பின்னாளில் விருந்தினர் தங்கும் விடுதியாயிற்று. முடியும் போயிற்று, மானியமும் போயிற்று, எல்லையும் அழிந்தது. நின்றது ஒன்று. பவநகரில் 1978 ஆம் ஆண்டில் அமைந்த சர்வகலாசாலைக்குப் பின்னர் மகாராஜா கிருஷ்ணகுமார் சிங்ஜியின் பெயரே இடப்பெற்றது. அதனை இட்டவர் அரண்மனைச் சேவகரல்லர். குடிகள் தேர்ந்தெடுத்த அரசாங்கத்தார்.

சங்கத்து அன்பர்காள்! நம் இல்லங்களில் அரசு இல்லை. ஆயினும் சிறு முடிகள் பல உண்டு. கோயில் முதல் மரியாதை, ஊர்க்கூட்டத்தில் முன்னிருக்கை, பரம்பரை அறங்காவல், பாட்டனார் பெயரால் வரும் வணக்கம் என்னும் இவையெல்லாம் பிறப்பு நமக்குத் தந்தவை. இவற்றுட் சில போயின, சில போய்க்கொண்டிருக்கின்றன. அவை போவதைக் கண்டு நம் பெரியோர் சிலர் வருந்துவதும், இளைஞர் சிலர் சினந்து வழக்காடுவதும் நாம் அறிவோம். அவர்களை நாம் இகழவில்லை. இழப்பு வலிக்கவே செய்யும். ஆனால் முந்நூறு சதுர மைலன்று, மூவாயிரம் சதுர மைலை விட்டுக்கொடுத்த ஒருவர், அடையாள ஊதியம் பெற்றுக்கொண்டு அயல்நாட்டில் ஊழியம் செய்த கதையை அவர்கள் ஒருமுறை நினைப்பாராக. மரியாதையைப் பிடித்துக்கொண்டிருப்பவனுக்கு அது கைப்பிடி மணலாகும். அதனை ஊருக்கு ஈந்தவனுக்கோ, ஊரே ஒருநாள் அதனைத் திருப்பிக் கொணர்ந்து கொடுக்கும். நம் மக்கள் இவ்வுண்மையை இளமையிலேயே உணர்ந்து, முன்னோர் பெயரால் வாழாது, தம் செய்கையால் முன்னோர்க்குப் பெயர் தருவாராக.